ஆளைப் பாராமல் சட்டை தைப்பவர்

தையற்காரர் ஒருவர். தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் அவருக்கு விசித்திரமான ஒரு கட்டளை.

"சட்டை போடப் போகிறவரை நீர் பார்க்கக் கூடாது. அவருடைய வயது என்ன என்று மட்டும் சொல்வோம். அதை வைத்துக்கொண்டு அளவாகத் தைத்துக் கொடுக்க வேண்டும்."

பாவம், அவர் என்ன செய்வார்! உத்தேசமாக ஒரு சட்டை தைப்பார். ஒல்லியானவர் போட்டால் தொளதொளவென்று தொங்கும். பருத்தவர் போட்டால் பொத்தான் தெறிக்கும்.

இப்படியும் ஒரு தையற்காரர் இருப்பாரா என்று கேட்கிறீர்களா? இருக்கிறார். ஒருவர் அல்ல, உலகமெங்கும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'சர்வர்' என்று பெயர்.

காபி சர்வர் அல்ல!

ஓட்டலில் காபி கொண்டுவரும் சர்வரைச் சொல்லவில்லை. இது கம்ப்யூட்டர். நீங்கள் செல்போனில் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்தைத் தயார் செய்து அனுப்பி வைக்கிறது. அதுதான் சர்வர்.

பெரும்பாலும் சர்வருக்கு அதிகச் சிரமம் இல்லை. என்ன சொற்கள் வர வேண்டும் என்பதை மட்டும் அது அனுப்பும். அவற்றை எந்த எழுத்தில் காட்டுவது, எங்கே வரியை மடிப்பது என்பதையெல்லாம் உங்கள் செல்போனில் உள்ள 'பிரௌசர்' பார்த்துக்கொள்ளும். திரை எத்தனை அகலம் என்பது பிரௌசருக்குத் தெரியும். எழுத்தும் அதன் கையிலேயே இருக்கிறது. ஆள் எதிரே நிற்கிறார். அளவு நாடாவும் இருக்கிறது. தைப்பதற்கு என்ன கஷ்டம்?

ஆனால் சில காரியங்களைச் சர்வரே முழுவதும் முடித்து அனுப்ப வேண்டியிருக்கிறது. ரயில் டிக்கெட், கடை பில், பரிசுச் சான்றிதழ், பெயர் பொறித்த வாழ்த்துப் படம், கணக்கு விவரம் காட்டும் வரைபடம் ஆகியவை அந்த வகை. இவை படமாகவோ, அச்சுக்கு ஏற்ற தாளாகவோ போய்ச் சேருகின்றன. போய்ச் சேர்ந்த பிறகு எழுத்தை நகர்த்தி வைக்க அங்கே யாரும் இல்லை.

ஒரு போட்டியில் ஆயிரம் குழந்தைகள் கலந்துகொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கும் சான்றிதழ் தர வேண்டும். பெயர் எழுத விட்டிருக்கும் இடம் 720 பிக்சல் அகலம். பிக்சல் என்றால் திரையில் உள்ள ஒரு சின்னஞ்சிறு புள்ளி. ஆயிரம் பெயர்களும் அந்த 720 புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும்.

ஒரு சிறுமியின் பெயர் அடங்கவில்லை. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி ஓரத்தில் காணாமல் போய்விட்டது. அந்தச் சான்றிதழை அவள் வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். தாயிடம் காட்டுகிறாள். "இது உன் பெயர் இல்லையே, அம்மா!" என்று தாய் சொன்னால் அவள் முகம் எப்படி இருக்கும்?

ஆகவே, எழுத்தின் அகலத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது வெறும் அலங்காரத்துக்காக அல்ல.

குச்சியும் குண்டும்

"இதில் என்ன பிரமாதம்? எழுத்துகளை எண்ணினால் போதாதா? ஓர் எழுத்துக்கு இத்தனை பிக்சல் என்று பெருக்கிவிடலாமே!" என்று தோன்றும். புதிதாக நிரல் எழுதும் இளைஞர்கள் அநேகமாக முதலில் செய்வதும் இதுதான்.

அங்கேதான் வம்பு வருகிறது. எழுத்துகளிலும் ஒல்லி உண்டு, குண்டு உண்டு.

ஆங்கிலத்தில் 'ஹெல்வெடிகா' என்று புகழ்பெற்ற ஓர் எழுத்து வகை இருக்கிறது. அதன் முழு அளவை ஆயிரம் பங்காகப் பிரித்தால், சின்ன 'ஐ' என்ற எழுத்துக்கு 222 பங்குதான் அகலம். பெரிய 'டபிள்யூ'வுக்கு 944 பங்கு! நாலு மடங்குக்கும் மேலே.

எழுத்தின் அளவை 16 பிக்சல் என்று வைத்து, பத்து 'ஐ' எழுதிப் பாருங்கள். சுமார் முப்பத்தைந்தரை பிக்சலில் அடங்கிவிடும். பத்து 'டபிள்யூ' எழுதினால் 151 பிக்சல் வேண்டும். இரண்டும் பத்து எழுத்துதான்! எண்ணிக்கையை நம்பி 80 பிக்சல் இடம் ஒதுக்கினால், ஒன்றில் பாதிக்கு மேல் காலி. மற்றொன்றில் பாதி வெளியே.

இதில் ஒரு விசேஷம் உண்டு. ஹெல்வெடிகாவில் 0 முதல் 9 வரை எல்லா எண்களுக்கும் ஒரே அகலம்தான். ஒவ்வொன்றும் 556 பங்கு. கணக்குப் புத்தகத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எண்களை எழுதினால் அவை வரிசையாக நிற்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

பழைய டைப்ரைட்டரில் இந்தத் தொல்லையே இல்லை. எந்த விசையைத் தட்டினாலும் வண்டி ஒரே அளவுதான் நகரும். அந்த வழியில் வந்த 'கூரியர்' என்ற எழுத்து வகையில் ஒல்லிக்கும் 600 பங்கு, குண்டுக்கும் 600 பங்கு. அங்கே எண்ணிப் பெருக்கினால் கணக்குச் சரியாக வரும். மற்ற இடங்களில் வராது.

மணி அடித்த யந்திரம்

எழுத்தைப் பாராமலே அதன் அகலத்தைக் கணக்கிடும் வித்தை கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய கதை அது.

அந்தக் காலத்தில் அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் உள்ள சட்டத்தில் அடுக்குவார். வரி நிரம்பிவிட்டதா என்பதை அவர் விரலே சொல்லிவிடும். எழுத்து அவர் கையில் இருந்தது. தனியே அளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் பென்ஷன் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர் டால்பர்ட் லான்ஸ்டன். அவர் ஒரு யந்திரத்தை யோசித்து, 1887-ஆம் ஆண்டில் அதற்குப் பேட்டன்ட் உரிமை பெற்றார். அதுதான் 'மோனோடைப்'.

அது இரட்டை யந்திரம். ஒன்றில் விசைப்பலகை இருக்கும். மற்றொன்று ஈயத்தை உருக்கி எழுத்துகளை வார்க்கும். விசைப்பலகையில் உட்கார்ந்திருப்பவர் எதிரே ஓர் ஈய எழுத்துக்கூட இராது. அவர் தட்டத் தட்ட, ஒரு காகிதச் சுருளில் துளைகள் விழும். அவ்வளவுதான்.

பிறகு வரி நிரம்பியது அவருக்கு எப்படித் தெரியும்? லான்ஸ்டன் முறையில், ஒரு முழு எழுத்தின் அகலத்தை 18 பங்காகப் பிரித்தார்கள். ஒல்லி எழுத்துக்கு 5 பங்கு, குண்டு எழுத்துக்கு 18 பங்கு என்று ஒவ்வொன்றுக்கும் அளவு நிர்ணயித்தார்கள். விசையைத் தட்டும்போதே யந்திரம் அந்தப் பங்குகளைக் கூட்டிக்கொண்டே போகும். வரி முடியப் போகிறது என்றால் 'டிங்' என்று மணி அடிக்கும்!

உடனே அவர் எதிரே உள்ள உருளையைப் பார்ப்பார். மிச்சமிருக்கும் இடத்தைச் சொற்களுக்கு நடுவே எப்படிப் பங்கிடுவது என்று அதில் எண்கள் காட்டும். அதற்குரிய விசைகளைத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

இன்னும் ஒரு வேடிக்கை. வார்க்கும் யந்திரம் அந்தக் காகிதச் சுருளைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படிக்கும்! ஏன் தெரியுமா? வரியின் இடைவெளி அளவு வரியின் கடைசியில் அல்லவா துளைக்கப்பட்டிருக்கிறது? தலைகீழாகப் படித்தால் அந்த அளவு முதலில் வந்துவிடும். அதன்பின் வார்ப்பது சுலபம்.

எழுத்து ஓரிடத்தில், கணக்கு வேறோர் இடத்தில். இன்றைய சர்வரின் நிலையும் இதுவேதான்.

கறிக்கு உதவிய ஏட்டுச் சுரைக்காய்

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் டொனால்டு நூத் என்ற பேராசிரியர் இருந்தார். கம்ப்யூட்டர் நிரல் கலையைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் இரண்டாம் பாகம் மறுபதிப்புக்கு வந்தது. 1977-இல் அதன் அச்சுப் பிழைத் திருத்தத் தாள்கள் அவரிடம் வந்தன. புதிய முறையில் கோத்திருந்த எழுத்துகளைப் பார்த்ததும் அவருக்கு மனம் சலித்துவிட்டது. "நானே ஒரு வழி செய்கிறேன்" என்று முனைந்தார். 'டெக்' என்ற எழுத்துக்கோப்பு நிரல் அதன் பலன்.

அந்த நிரலுக்கு எழுத்தின் உருவமே தெரியாது! ஒவ்வோர் எழுத்தும் அதற்கு ஒரு பெட்டி. அகலம் எவ்வளவு, கோட்டுக்கு மேலே உயரம் எவ்வளவு, கீழே இறக்கம் எவ்வளவு என்ற அளவுகளைத்தான் அது ஒரு பட்டியலில் படிக்கும். அந்தப் பட்டியலைக் கொண்டே வரி வரியாக, பக்கம் பக்கமாகக் கோத்துவிடும். அதன் கணக்கில் மிகச் சிறிய அளவு எது என்றால், அச்சுத் தொழிலில் 'பாயின்ட்' என்று சொல்வதில் 65,536-இல் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சுமார் நூறு மடங்கு சிறியது அது!

1985-இல் 'லேசர்ரைட்டர்' என்ற அச்சு யந்திரம் வந்தது. அதற்குள் ஹெல்வெடிகா, டைம்ஸ், கூரியர் முதலிய எழுத்துகள் இருந்தன. இந்த எழுத்துகளுக்கும் அகலப் பட்டியல் எழுதி, 'அடோபி' கம்பெனி வெளியிட்டது. எழுத்து யந்திரத்துக்குள், பட்டியல் கம்ப்யூட்டரில். மேலே சொன்ன 222-உம் 944-உம் அந்தப் பட்டியலில் உள்ளவைதான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டில் இருந்த அளவுதான் கறிக்கு உதவிற்று!

இன்றும் சர்வர்கள் இந்த வழியைக் கையாள்கின்றன. நிரல் எழுதுவோர் தங்கள் பக்கங்களில் வைக்கும் சிறு பட்டைகளை 2013 முதல் 'ஷீல்ட்ஸ்' என்ற அமைப்பு தயாரித்துத் தருகிறது. பட்டையில் ஏதாவது இரண்டு சொல் இருக்கும். பட்டையின் நீளம் சொல்லுக்குச் சரியாக இருக்க வேண்டும். 'வெர்டானா' என்ற எழுத்து, 11 பிக்சல் அளவு என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் எழுத்தின் அகலத்தையும் முன்பே அளந்து பட்டியல் போட்டுவிட்டார்கள். சொல் வந்ததும் கூட்ட வேண்டியது, பட்டை போட வேண்டியது.

பார்க்கிறவரின் கம்ப்யூட்டரில் வெர்டானா இல்லாவிட்டால்? அதற்கும் ஒரு யுக்தி செய்தார்கள். "இந்தச் சொல் இத்தனை அகலத்துக்குள் அடங்கட்டும்" என்று படத்தோடு ஒரு கட்டளையையும் சேர்த்து அனுப்புகிறார்கள். வேறு எழுத்து வந்தாலும் அது நெருக்கிக்கொண்டோ விலகிக்கொண்டோ அந்த இடத்துக்குள் நின்றுவிடும்.

இரட்டைப் பிள்ளைகள்

எழுத்து மாறிப் போவதுதான் இந்தத் தொழிலில் பெரிய ஆபத்து. சர்வர் ஓர் எழுத்தை வைத்து அளக்கிறது. பார்க்கிறவர் திரையில் வேறு எழுத்து வருகிறது. ஒருவருக்கு அளவெடுத்து இன்னொருவருக்குச் சட்டை போட்ட கதைதான்.

இதற்காகவே சில எழுத்துகளை இரட்டைப் பிள்ளைகளைப் போலப் படைத்திருக்கிறார்கள். 1982-இல் மோனோடைப் கம்பெனியில் ராபின் நிக்கலஸ், பட்ரீஷியா சாண்டர்ஸ் என்ற இருவரும் உருவாக்கிய 'ஏரியல்' எழுத்து அப்படிப்பட்டது. அதன் உருவம் ஹெல்வெடிகாவிலிருந்து வேறுபட்டது. அகலம் மட்டும் ஒன்றே. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் போட்டாலும் வரி மாறாது. 2007-இல் 'ரெட் ஹாட்' நிறுவனம் இலவசமாக வெளியிட்ட 'லிபரேஷன்' எழுத்துகளில் ஒன்று ஏரியலுக்கு இரட்டைப் பிள்ளை. ஏரியல் இல்லாத சர்வரில் லிபரேஷனை வைத்து அளந்தாலும் கணக்கு ஒத்துவரும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய 'ஏ'யும் பெரிய 'வி'யும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், ஒன்றின் சரிவில் மற்றொன்று சாய்ந்துகொள்ளும். ஹெல்வெடிகாவில் தனித்தனியே இரண்டுக்கும் 667 பங்கு. கூட்டினால் 1,334. ஆனால் ஜோடி சேரும்போது 70 பங்கைக் கழிக்க வேண்டும் என்று பட்டியலில் கண்டிருக்கிறது. கூட்டத் தெரிந்தவருக்குக் கழிக்கவும் தெரிய வேண்டும்.

கௌசல்யாவும் முருகனும்

இதுவரை சொன்னது ஆங்கிலத்தின் சங்கதி. தமிழுக்கு வந்தால் கதை இன்னும் சுவையாக இருக்கிறது.

கௌசல்யா, முருகன் என்று இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கௌ-ச-ல்-யா: நாலு எழுத்து. மு-ரு-க-ன்: இதுவும் நாலு எழுத்து.

கம்ப்யூட்டர் இப்படி எண்ணுவதில்லை. 'யூனிகோடு' என்ற உலகப் பொது எழுத்து முறையில் 1991-லிருந்து தமிழுக்கும் இடம் உண்டு. அதில் உயிர்மெய் எழுத்து ஒரே குறியீடு அல்ல. 'மு' என்றால் மகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. 'ன்' என்றால் னகரம் ஒன்று, புள்ளி ஒன்று. இந்தக் கணக்கில் முருகனுக்கு 7 குறியீடுகள். கௌசல்யாவுக்கும் 7. இணையத்தில் வழக்கமாகச் சேமிக்கும் முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 'பைட்' ஆகும். இரண்டு பெயருக்கும் 21 பைட்.

எழுத்து நாலு, குறியீடு ஏழு, பைட் இருபத்தொன்று. எந்த வழியில் எண்ணினாலும் இரண்டும் சமம்!

இப்போது இரண்டையும் தாளில் எழுதிப் பாருங்கள். 'மு' சேர்ந்து ஒரே உருவம். 'ரு' ஒரே உருவம். 'ன்' மேலுள்ள புள்ளி தலையில் ஏறிக்கொள்கிறது. பக்கத்தில் இடம் கேட்பதில்லை. முருகன் நாலே உருவத்தில் முடிந்துவிட்டான். கௌசல்யாவோ? முன்னே ஒரு கொம்பு, நடுவே ககரம், பின்னே ஒரு சிறகு. அப்புறம் ச, ல், ய, கடைசியில் ஒரு கால். மொத்தம் ஏழு உருவங்கள் வரிசையாக நிற்கின்றன!

முருகனுக்குச் சரியாக இருந்த இடத்தில் கௌசல்யா எப்படி அடங்குவாள்?

சரி, பட்டியலைப் பார்த்துக் கூட்டலாமென்றால் அதுவும் போதாது. மகரத்தின் அகலத்தோடு உகரக் குறியின் அகலத்தைக் கூட்டினால் 'மு'வின் அகலம் வராது. சேர்ந்த உருவம் வேறு. முதலில் குறியீடுகளைச் சேர்த்து உருவமாக்க வேண்டும். கொம்பை எடுத்து முன்னே வைக்க வேண்டும். அதன் பிறகே அளக்க வேண்டும். இந்த வேலையைச் செய்ய 'ஹார்ப்பஸ்' என்று ஒரு நிரல் இருக்கிறது. குரோம், பயர்பாக்ஸ் முதலிய பிரௌசர்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. சர்வரிலும் அதை வைத்துக்கொள்ளலாம். அது இல்லாமல் படம் வரைந்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். பெயரும் கெடும், அளவும் கெடும்.

இன்னொரு விபரீதமும் நடக்கலாம். சர்வரில் தமிழ் எழுத்தே இல்லை என்று வைத்துக்கொள்வோம். சும்மா இருக்குமா? இல்லாத எழுத்துக்குப் பதிலாக வெறுங்கட்டம் போடும். அந்தக் கட்டத்தின் அகலத்தை அளந்து, "இதோ அளவு!" என்று சொல்லும். எல்லாக் கட்டமும் ஒரே அகலம். கௌசல்யாவுக்கும் ஏழு கட்டம், முருகனுக்கும் ஏழு கட்டம்.

புள்ளி போன கதை

இடம் போதவில்லை என்றால் வெட்டிவிடுவது பலருடைய வழக்கம். தமிழில் கண்ட இடத்தில் வெட்டினால் கருத்தே மாறிவிடும்.

'முருகன்' என்பதை ஆறு குறியீட்டோடு நிறுத்தினால் புள்ளி போய் 'முருகன' என்று நிற்கும். 'மணி'யை இரண்டு குறியீட்டோடு வெட்டினால் 'மண' என்று மிஞ்சும். பைட் கணக்கில் வெட்டினால் குறியீடே பாதியில் உடையும். எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்ட சின்னம் வந்து நிற்கும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், முழு எழுத்தின் முடிவில்தான் வெட்ட வேண்டும். பின்னால் வைக்கிற மூன்று புள்ளிக்கும் அகலம் உண்டு. அதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

விலை, மருந்தின் அளவு, மனிதருடைய பெயர் ஆகியவற்றை வெட்டவே கூடாது. 1,20,000 ரூபாய் பில்லில் கடைசி மூன்று எண்கள் ஓரத்தில் மறைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெட்டாமல் என்ன செய்வது? ஒரு சுலபமான வழி உண்டு. எழுத்தின் அளவைக் குறைத்தால் அகலமும் அதே விகிதத்தில் குறையும். 48 அளவில் பெயர் 900 பிக்சல் வருகிறது. இருக்கிற இடமோ 720. ஐந்தில் நாலு பங்குதானே? எழுத்தையும் ஐந்தில் நாலு பங்காக்கினால் 38.4. பெயர் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ரொம்பச் சிறியதாகிவிடும்போலிருந்தால் இரண்டு வரியாகப் போடலாம்.

பணமும் நேரமும் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சர்வரிலேயே திரை இல்லாத பிரௌசர் ஒன்றை ஓடவிடலாம். 2017 முதல் குரோம் பிரௌசரிலேயே அந்த வசதி இருக்கிறது. அது நிஜமாகவே பக்கத்தைக் கோத்து, நிஜமாகவே அளந்து சொல்லும். ஆனால் நினைவகத்தை அதிகம் தின்னும். ஆயிரம் சான்றிதழுக்கு நேரமும் பிடிக்கும். உருவம் சேர்த்து அளக்கும் நிரலும், அச்சிடப் போகும் அதே எழுத்தும் சர்வரில் இருந்தால் பெரும்பாலான வேலைக்கு அதுவே போதும்.

கெட்டிக்காரத் தையற்காரர் சட்டையைத் தைத்ததும் கொடுத்துவிடமாட்டார். ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வார். சான்றிதழ் தயாரிக்கிறவரும் அப்படிச் செய்யலாம். ஆயிரம் பெயர்களில் எது மிக அகலமானது என்று சர்வரையே அளந்து சொல்லச் சொல்லி, அந்த ஒரு சான்றிதழை மட்டும் முதலில் எடுத்துக் கண்ணால் பார்த்துவிடலாம். அது சரியாக இருந்தால் மற்ற 999-உம் சரியாகவே இருக்கும்.

கௌசல்யாவும் தன் பெயரைக் கடைசிக் கால் வரையில் முழுசாகப் படித்து, தாயிடம் காட்டலாம்.